மெரிஞாக் படிக்காத புத்தகம்

ஒக்தாவ் மெரிஞாக் எங்களை நான்கு நிமிடம் நிற்க வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். வலக்கை கையெழுத்துப் போட, இடக்கை அடுத்த தாளை இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு தாளையும் அவர் படிக்கவில்லை.

மோந்த்ரிவே மாவட்ட ஆட்சியகத்தின் தலைமைச் செயலர் அவர். அதோடு சரித்திர ஆசிரியர். கோட்டில் அரசாங்கம் விருதாகத் தந்த சிவப்பு நாடா. சுவரில் மூன்று மந்திரிகளின் படங்கள். மூன்றிலும் ஓரமாக இவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பதினாறு வருடம் ரயிலடிக் காப்பிக்கடையில் பரிமாறியவன். இந்த வகை ஆட்களை எனக்குத் தெரியும். அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, காப்பி ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள்.

"அந்தக் காவல்காரனுக்காகவா வந்திருக்கீங்க?" என்றார், தலையைத் தூக்காமல்.

"ஆமா. செராஃபினுக்காக," என்றார் மேடம்.

மேடம் என்றால் ஒதில் காஸ்தெல். என் முதலாளி, துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். அத்தனை பொய்ச் சாட்சிகளைக் கேட்ட காது அது. ஒருவன் தொண்டையைச் செருமினாலே அடுத்து வருவது என்ன என்று அதற்குத் தெரிந்துவிடும்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்?" மெரிஞாக் பேனாவை மூடினார். "செவ்வாய்க்கிழமை காலையில ஆவணக் காப்பகத்துல பெட்டியைத் திறந்தேன். கடிதத்தைக் காணோம். அந்தப் பெட்டிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு அவன்கிட்ட."

"அப்போ சந்தேகப்பட ரெண்டு பேர் இருக்காங்க," என்றேன்.

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். நாற்காலியில் யாரோ விட்டுவிட்டுப் போன ஈரக் குடையைப் பார்ப்பது போல.

"இவர் யாரு?"

"என் உதவியாளர் லியோன்ஸ். அப்பப்போ இப்படித்தான் உண்மையைச் சொல்லிடுவார். மன்னிச்சுக்கோங்க," என்றார் மேடம். "அந்தக் கடிதம் அவ்வளவு முக்கியமானதா?"

கேட்டிருக்கவே கூடாது. மெரிஞாக் எழுந்து நின்று தன் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்தேழு வயதில் துணை ஆட்சியர். (மாமனார் செனட்டர் என்பதைச் சொல்லவில்லை, அது ஊருக்கே தெரியும்.) நான்கு ஊர்களில் பதவி. போரின்போது குதிரைப்படைக்கு ஓட்ஸ் சேர்த்துக் கொடுத்த அரும்பணி. போர்முனைக்கும் அவருடைய மேசைக்கும் இருநூறு மைல். பிறகு அவருடைய பெரும் படைப்பு, 'புரட்சிக் காலத்தில் மோந்த்ரிவே'. ஐந்நூற்றுப் பத்துப் பக்கம். வெளிவந்து எட்டு வருடம். அதன் உச்சம்தான் அந்தக் கடிதம்.

"ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்து மூணு, டிசம்பர். என் முன்னோர் ஒருத்தர் இந்த ஊர்ல ஆணையரா இருந்தார். பத்தொன்பது பேரைக் கில்லட்டினுக்கு அனுப்பச் சொல்லிப் பாரிஸ்லேர்ந்து பட்டியல் வருது. அவர் கையெழுத்துப் போட மறுத்துக் கடிதம் எழுதறார். அந்தக் கடிதம்! அதைப் பாக்கறதுக்குத் திங்கள்கிழமை பாரிஸ் அகாதெமியிலேர்ந்து ஒரு பேராசிரியர் வர்றார். வசந்தத்துல என்னை அங்க உறுப்பினராத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. இந்த நேரம் பாத்து ஒரு ஒத்தைக் கையன்..."

"கையைப் போர்லதான விட்டார்?" என்றார் மேடம்.

"அதுக்காகத்தான் வேலையே குடுத்தோம். நன்றி இல்லாத ஜனங்க. திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு. வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். அப்புறம் ஜெயில்."

அப்போது சான் லெஜே தேவாலயத்தின் நடுப்பகல் மணி அடித்தது. மெரிஞாக் ஒரு விரலை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குதா? அன்னைக்கு என் முன்னோர் கேட்ட அதே மணி. அதே ஓசை."

மேடம் மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார். உள்ளட்டையில் மெரிஞாக்கின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவருடைய சொந்தப் பிரதி. விளிம்பில் ஒருமுறை கட்டைவிரலை ஓட்டிவிட்டு வைத்துவிட்டார்.

"அது என்னோடது. உங்களுக்கு வேற தர்றேன்," என்று அலமாரியில் அடுக்கி வைத்திருந்த நாற்பது ஐம்பதில் ஒன்றை உருவிக் கையெழுத்திட்டார். அதற்கு நான்கு நிமிடம் ஆகவில்லை.

*

காப்பிக்கடையில் எனக்குப் பருப்பும் பன்றி இறைச்சியும் வந்தன. மேடம் எதையும் தொடவில்லை. ரொட்டிக் கத்தியால் புத்தகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் புத்தகம் மடித்த தாளோடுதான் அச்சகத்திலிருந்து வரும். வாங்கியவர் விளிம்பை வெட்டி வெட்டித்தான் படிக்க வேண்டும்.

"லியோன்ஸ், அவர் சொந்தப் பிரதியில எவ்வளவு தூரம் வெட்டியிருந்துச்சு தெரியுமா? முன்னுரை வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு தாள்கூடப் பிரியல."

"எழுதினவர் எதுக்கு மேடம் படிக்கணும்? சமைக்கிறவன் சாப்பிடவா செய்யறான்?"

"சாப்பிட மாட்டான். உப்பாவது பாப்பான்."

ஒரு மணி நேரம் அவர் படித்தார். நான் சீஸ் சாப்பிட்டேன், பேரிக்காய் சாப்பிட்டேன், பக்கத்து மேசைக்காரரோடு சைக்கிள் பந்தயம் பேசினேன். திடீரென்று மேடம் சிரித்தார். அவர் சிரிப்பது வருடத்துக்கு இரண்டு தடவை.

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம். கேளு. அந்த வருஷம் அக்டோபர்ல சான் லெஜே மணிகளை எல்லாம் இறக்கிப் பீரங்கி வார்க்க அனுப்பிட்டாங்க. கடைசி மணியைக் கயிறு கட்டி இறக்கறப்போ சதுக்கத்துல ஒரு கல் பிளந்துடுச்சு. சலவைக்காரப் பொம்பளைங்க அதைச் சுத்தி நின்னு அழுதாங்க. அதுல பதினாலு பேரோட பேர் இருக்கு. அப்புறம் பதினோரு வருஷம் இந்த ஊர்ல மணிச் சத்தமே இல்ல."

"நல்லாத்தான் எழுதியிருக்காரு."

"யாரு நல்லா எழுதியிருக்கா? அவர் சொன்னதைக் கேட்டியா? 'என் முன்னோர் கேட்ட அதே மணி'யாம். இந்தப் பக்கத்தை எழுதின கை அப்படி உளறுமா?"

என் வாயில் பேரிக்காய் நின்றது. "அப்போ புத்தகத்தை எழுதினது அவர் இல்லியா?"

"எழுதறது இருக்கட்டும். படிக்கக்கூட இல்ல. இப்ப முந்நூத்தி நாப்பதாம் பக்கம். அந்தப் பெரிய கடிதம். டிசம்பர்ல எழுதினது." மேடம் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

'இதை எழுதும்போது சான் லெஜேயின் மணி பதினொன்று அடிக்கிறது. இந்தப் பத்தொன்பது பெயர்களுக்குக் கீழே என் பெயர் வராது.'

"அக்டோபர்ல உருக்கின மணி டிசம்பர்ல எப்படி மேடம் அடிக்கும்?"

"அடிக்காது. கடிதம் போலி."

பின்னட்டையில் பதினோரு அறிஞர்களின் பாராட்டு அச்சாகியிருந்தது. 'ஒவ்வொரு வரியும் ஆதாரம்' என்றார் ஒருவர். 'இரண்டே இரவில் படித்து முடித்தேன்' என்றார் இன்னொருவர். பதினோரு பேரும் மெரிஞாக்கைப் போலவே முன்னுரையோடு எழுந்து போயிருக்கிறார்கள். எட்டு வருடத்தில் ஒரு ஜன்மம் முந்நூற்று நாற்பதாம் பக்கம் வரை போகவில்லை.

"முடிஞ்சுது மேடம். பாரிஸ்காரர் வந்தா குட்டு உடைஞ்சுடும்னு மெரிஞாக்கே எடுத்து ஒளிச்சுட்டார். பழியைக் கையில்லாதவர் மேல போட்டுட்டார். சில்லறை ஆள்."

"சில்லறை ஆள்தான். ஆனா அது போலின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே? தெரியணும்னா படிச்சிருக்கணுமே?" மேடம் எழுந்தார். "இந்த ஊர்ல இந்தப் புத்தகத்தை முழுசா அறிஞ்ச ஒரே ஆள், அதை எழுதின ஆள். வா, அது யாருன்னு பாப்போம். காப்பகத்துல இருக்கற பழைய ஆவணக் கட்டுகளை எல்லாம் யார் வந்து படிச்சாங்கன்னு காவல்காரருக்குத் தெரியும்."

*

செராஃபின் ஆற்றங்கரையில் ஒரே அறை வீட்டில் இருந்தார். அறுபது வயது. இடக்கை தோளோடு போய்விட்டது. காலியான சட்டைக்கையை மடித்து மார்போடு ஊக்கால் குத்தியிருந்தார். போலீஸ் இரண்டு தடவை வந்து மெத்தையைக் கிழித்துத் தேடியதில் தரையெல்லாம் வைக்கோல். அதற்கு நடுவில் எங்களுக்கு நாற்காலி துடைத்துப் போட்டார்.

"மெரிஞாக் புத்தகம் எழுதின காலத்துல காப்பகத்துக்கு எத்தனை தடவை வந்தார்?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டு தடவை மேடம். ஒரு தடவை திறப்பு விழாவுக்கு. இன்னொரு தடவை போட்டோக்காரரோட. பழைய கட்டைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னார். தலைகீழாப் புடிச்சிருந்தார். நான்தான் திருப்பிக் குடுத்தேன்."

"தினமும் வந்து படிச்சது யாரு?"

அவர் சட்டென்று அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். "மறந்துடுச்சு."

"நூத்திப்பதினேழாம் கட்டுல என்ன இருக்கு?"

"உப்பு வரி மனுக்கள், முப்பத்தொண்ணு. மூணாவது மனுவுல எலி கடிச்ச ஓட்டை," என்றார் உடனே.

"எலி கடிச்சது ஞாபகம் இருக்கு. தினமும் எதிர்ல வந்து உக்காந்த ஆளு மறந்துடுச்சா?" என்றேன். அவர் காது சிவந்துபோனது.

ஜன்னலோரம் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை தேய்ந்து, எல்லாத் தாளும் ஒழுங்காக வெட்டப்பட்டு, இரண்டு இடத்தில் காகிதத் துண்டு செருகியிருந்தது. எந்த இரண்டு இடம் என்று மேடம் திறந்து பார்க்கவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது.

"எத்தனை தடவை படிச்சீங்க?"

"நாலு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேடம், ஒண்ணு கேக்கலாமா? பாரிஸ் ஐயா திங்கக்கிழமை வர்றாரா? கடிதம்தான் இல்லியே. வராம இருந்துடுவாரா?" என்றார்.

"வருவார்னுதான் நெனைக்கிறேன்."

அவர் முகம் வாடியது. 

வெளியே வந்ததும் மேடம் பாலத்தில் நின்றார். "வேலை போகப் போகுது, ஜெயிலுக்குப் போகப் போறார். நான் எடுக்கலன்னு ஒரு தடவை சத்தம் போட்டாரா? கேட்டதெல்லாம், பாரிஸ்காரர் வர்றாரா இல்லியான்னுதான்."

"மேடம்... அப்போ..."

"ஆமா லியோன்ஸ். திருடினது அவரேதான்."

காப்பாற்ற வந்த ஆளே குற்றவாளி. பதினாறு வருடத்தில், தட்டோடு வழுக்கி விழுந்தபோதுகூட நான் இவ்வளவு அசடு வழிந்ததில்லை. "கடிதத்தை எங்க வச்சிருப்பார்? மெத்தையைக் கூடக் கிழிச்சுட்டாங்களே."

"அதை அப்புறம் பாக்கலாம். யாருக்காகத் திருடினார்ங்கறதுதான் கேள்வி. அந்தப் பேரைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரல. நம்மகிட்ட வந்து 'செராஃபின் திருடன் இல்ல'ன்னு சொன்னது யாரு?"

*

பிளாந்தீன் ரூவியே. எங்களை இந்த வேலைக்கு அமர்த்திய கட்சிக்காரர். ஆட்சியகத்தில் முப்பது வருடம் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். திருமணம் ஆகாததால் எல்லோருக்கும் 'மத்மசேல்'. மெலிந்த உடம்பு, ஊசி போன்ற கண்கள். வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "குளிர் காலத்துல என் காலடியில சூடான செங்கல் வச்ச மனுஷன் அவர். திருட மாட்டார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்.

இப்போது அவர் சமையலறையில் லீக்ஸ் வெங்காயத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். மேடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சதுக்கத்துல அழுத சலவைக்காரப் பொம்பளைங்க பதினாலு பேரா, பதினஞ்சு பேரா மத்மசேல்?"

"பதினாலு," என்றார் பிளாந்தீன். பிறகு கத்தி நின்றது. மெதுவாகத் திரும்பினார். "எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க?"

"முந்நூத்தி நாப்பது."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த லீக்ஸைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"எட்டு வருஷம்," என்றார். "எட்டு வருஷமா ஒருத்தராவது வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன்."

கதை நீளமானதல்ல. மெரிஞாக் போன ஊரில் எல்லாம் ஒரு புத்தகம் வெளியிடுவார். அந்தந்த ஊரில் நல்ல கையெழுத்து உள்ள யாரையாவது பிடித்து எழுத வைப்பார். இந்த ஊரில் அகப்பட்டவர் பிளாந்தீன். அட்டையில் இரண்டு பெயரும் வரும் என்றார். பிளாந்தீன் அலுவலக நேரத்தில் பாதி, தன் நேரத்தில் முழுதுமாக ஒன்பது வருடம் உழைத்தார். முடித்துக் கொடுத்தபோது மெரிஞாக் கேட்டது ஒன்றுதான்.

"'இதுல எங்க குடும்பம் எங்க?'ன்னு கேட்டார். உங்க முன்னோர் பட்டியல்ல கையெழுத்துப் போட்டார், பத்தொன்பது பேரும் செத்தாங்க, அன்னைக்கு மத்தியானம் அவர் வாத்து வறுவல் சாப்பிட்டார், சமையல்காரி எழுதி வச்சிருக்கான்னு சொன்னேன். 'வேற ஏதாவது தேடிப் பாரு'ன்னார். மூணு மாசம் தினமும் அதையே சொன்னார். சரின்னு தேடிக் கொடுத்தேன்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "பழைய பதிவேட்டுல எழுதாத தாள் ஒண்ணு. அந்தக் கால முறையில காய்ச்சின மை. அந்த மனுஷனோட கையெழுத்தை ஒரு மாசம் பழகினேன். மணியை வேணும்னேதான் வச்சேன். புத்தகத்தைத் தெறந்து படிக்கிற எவனும் ஒரு நிமிஷத்துல புடிச்சுடுவான், இவர் மானம் போகும்னு நெனைச்சேன்."

"யாரும் தெறக்கல," என்றேன்.

"பரிசு குடுத்தாங்க! சிவப்பு நாடா குடுத்தாங்க! முன்னுரையில எனக்கு என்ன எழுதினார் தெரியுமா? 'அழகிய கையெழுத்துக்காக நகல் பிரிவுப் பெண்மணிகளுக்கு நன்றி'. பெண்மணிகளாம். நான் ஒருத்திதான்." அவர் எழுந்தார். "பாரிஸ்காரர் பாக்கட்டும்னுதான் காத்திருந்தேன். அதுக்குள்ள எவனோ எடுத்துட்டான்."

"செராஃபின்தான் எடுத்தார்," என்றார் மேடம்.

"பொய்."

"நாலு தடவை படிச்சிருக்கார். மணி அடிக்காதுன்னு அவருக்குத் தெரியும். எழுதினது நீங்கன்னும் தெரியும். பாரிஸ்காரர் பாத்தா போலி எழுதினதுக்கு உங்களைத்தான் புடிப்பாங்கன்னு யோசிச்சிருக்கார்."

பிளாந்தீன் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.  திரும்பியபோது கோபமாகத்தான் இருந்தார். "முட்டாள் மனுஷன்! என்னைக் கேக்கக் கூடாதா?" என்று மேலங்கியை மாட்டிக்கொண்டார். ஒரு பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

ஆற்றங்கரை வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்தார். செராஃபின் வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தோடு விறைத்து நின்றார்.

"குடுங்க," என்றார் பிளாந்தீன், கையை நீட்டி.

"மத்மசேல், அவங்க உங்களை..."

"என்னை என்ன பண்ணுவாங்கன்னு நான் பாத்துக்கறேன். குடுங்க."

செராஃபின் குனிந்து, மார்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். காலியான சட்டைக்கை கீழே தொங்கியது. அதற்குள்ளிருந்து நான்காக மடித்த பழுப்புத் தாள் ஒன்று விழுந்தது. போலீஸ்காரர்கள் மெத்தையைக் கிழித்தார்கள், அடுப்பைக் கவிழ்த்தார்கள். போரில் கை இழந்தவரிடம் சட்டைக்கையை அவிழ்த்துக் காட்டு என்று கேட்க மட்டும் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

"ரொம்ப நல்ல புத்தகம் மத்மசேல்," என்றார் செராஃபின், தரையைப் பார்த்தபடி. "அதுல ஒரு தப்பு இருந்தா என்ன? ஒரு தாளுக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்களேன்னு..."

பிளாந்தீன் துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி, வைக்கோலைக் கூட்ட ஆரம்பித்தார்.

*

திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெரிஞாக் மறுபடியும் எங்களை நிற்க வைக்கப் பார்த்தார். மேடம் கேட்காமலே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி.

கடிதத்தையும், பக்கங்கள் வெட்டிய புத்தகத்தையும் மேடம் மேசையில் வைத்தார். முதலில் மெரிஞாக்குக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மேடம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார்.

"படிங்க."

அவர் படித்தார். உதடு அசைந்தது. பாதி வழியில் புருவம் உயர்ந்தது. சதுக்கத்துக் கல் பிளந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார். முடித்துவிட்டு நிமிர்ந்து, மனமார, "நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார்.

நான் இருமினேன். வேறு வழி இல்லை.

"இப்ப முந்நூத்தி நாப்பது," என்றார் மேடம்.

அதைப் படித்து முடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த நிறம் கழுத்துப்பட்டை வழியாக இறங்கிப் போய்விட்டது. முட்டாள் அல்ல அவர். படித்தால் புரிந்துகொள்வார். படிப்பதில்லை, அவ்வளவுதான்.

"அவ... அந்த ரூவியே... என்னை ஏமாத்திட்டா!"

"அப்படியா? முன்னுரையில 'இக்கடிதத்தை நூற்றுப்பதினேழாம் கட்டில் என் கைகளாலேயே கண்டெடுத்தேன்'னு எழுதியிருக்கீங்க. பேராசிரியர் ரயில் ஒன்பது நாப்பதுக்கு. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு முசியே. ஒண்ணு, புத்தகத்தை நான் எழுதல, மத்மசேல் ரூவியேதான் எழுதினாங்க, கடிதமும் அவங்க வேலைன்னு சொல்லலாம். அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அங்க ஒவ்வொரு பக்கமா எப்படி எழுதினாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க கட்டைத் தலைகீழாப் புடிச்சது வரைக்கும்."

"இன்னொண்ணு?"

"புத்தகம் என்னோடதுதான்னு சொல்லலாம். அப்போ போலிக் கடிதமும் உங்களோடது. செராஃபின் ஆட்சியகத்தோட மானத்தைக் காப்பாத்த அதை ஒளிச்சு வச்சார்னு நீங்களே எழுதிக் குடுக்கணும். உங்களுக்குப் பதவி போகும். அகாதெமி போகும்."

மெரிஞாக் எழுந்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் பழியை ஒரு கிழவி மேல் போடுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். ஒரு நிமிடம் தாண்டாது என்பது என் கணிப்பு. மேடத்தின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. முதல் வழியை அவர் எடுத்தால் பிளாந்தீன் தொலைந்தார். தடுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

"முதல் வழின்னா..." மெரிஞாக் நின்றார். "ஜனங்க சிரிப்பாங்களா?"

"ரொம்ப."

"ரெண்டாவதுன்னா?"

"கோபப்படுவாங்க. பதினோரு அறிஞர்கள் ஏமாந்திருக்காங்க இல்லியா."

"பதினோரு பேர்," என்றார் மெரிஞாக். "எட்டு வருஷம்." முதுகு மெல்ல நிமிர்ந்தது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "பாரிஸ் முழுக்க ஏமாந்துச்சு. ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்," என்றார் ஒக்தாவ் மெரிஞாக்.

என் கணிப்பு இப்படி மண்ணைக் கவ்வியதே இல்லை. அவருடைய கயமை கடலளவு என்று நினைத்திருந்தேன். அவருடைய தற்பெருமை அதையும் விட ஆழமாக இருந்தது.

மேடம் வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவங்க கேப்பாங்க இல்ல... நான் எந்தத் தாள்ல எழுதினேன்? மையை எப்படிக் காய்ச்சினேன்?" என்றார்.

மேடம் சொன்னார். அவர் வரி பிசகாமல் குறித்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் தானே உட்கார்ந்து எடுத்த முதல் ஆராய்ச்சிக் குறிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

*

பத்து மணி விசாரணை பத்து மணிக்கே கலைந்தது. பதினொன்றுக்கு செராஃபினிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் காப்பகத்துக்குப் போனபோது பிளாந்தீன் அவர் மேசைக்கு எதிரே குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் மாற்று உடையும் சோப்பும் இருந்தன. ஜெயிலுக்குத் தயாராகவே வந்திருந்தார்.

"வீட்டுக்குப் போகலாம் மத்மசேல்," என்றார் மேடம். "உங்க பேரே வரல."

"வரலன்னா? கடிதம்?"

நடந்ததை எல்லாம் நான்தான் சொன்னேன். பேராசிரியர் பத்து நிமிடம் கத்தினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை, மடிப்பு, எழுத்தின் சாய்வு. 'அயோக்கியத்தனம் முசியே, ஆனா வேலைப்பாடு அபாரம். என் நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல,' என்றார். மெரிஞாக் நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினார். மாதக் கடைசியில் ஓய்வு.

பிளாந்தீன் எழுந்து நின்றார். பை கீழே சரிந்து சோப்பு உருண்டது. செராஃபின் அதைப் பிடிக்கக் குனிந்தார்.

"அபாரம்னா சொன்னார்?"

"ஆமா மத்மசேல்."

"என் கடிதத்தையா?"

"ஆமா."

ஊசிக் கண்கள் இரண்டும் பற்றி எரிந்தன. குடையால் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். முந்நூறு வருடத் தூசி கிளம்பியது.

"பாவி! அதையும் எடுத்துக்கிட்டானா!"